நாவல் பழமும் ஒரு டிராக்டர் லோடும்

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. அதனால்தான் அந்த வேலை கிடைத்தது.

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் எடுக்கிற கம்பெனி. பல்ப் கம்பெனி என்பார்கள். மே கடைசியில் திறப்பார்கள், ஆகஸ்டில் மூடுவார்கள். நான்கு சீசன் நான் வெட்டும் லைனில் இருந்தேன். காம்பு எடு, தோல் சீவு, கொட்டையைத் தள்ளு. காலையில் உட்கார்ந்தால் கையில் மஞ்சள் ஏறும். செப்டம்பர் வந்தாலும் போகாது.

கேட்டில் பழத்தை ருசி பார்க்க ஒரு ஆள் இருந்தார். வாய் நிறைய எப்போதும் பாக்கு. ஒரு தடவை அவர் சரி என்று இறக்கிய பழம் கூழாகிப் போய், வாங்கின இடத்தில் துவர்க்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்.

பிறகு வெட்டும் லைனுக்கு வந்து, வெற்றிலை, பாக்கு, புகையிலை எதுவும் போடாத பெண்கள் யார் என்று கேட்டார். ஆறு பேர் எழுந்தோம். ஆளுக்கு ஐந்து கப்பில் கூழ் வைத்தார்கள். ஒன்றில் காய்வெட்டு, முற்றாத காயின் கூழ், கலந்திருந்தது. எது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசித்தார்கள், திரும்பக் குடித்துப் பார்த்தார்கள். நான் மூன்றாவது கப்பைத் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான்.

மேனேஜர் தெலுங்குக்காரர். நல்ல மனிதர். சந்தோஷம் வந்தால் தமிழும் தெலுங்கும் ஒன்றாக வரும்.

"ஏமம்மா, இது நாக்கா, இல்ல மெஷினா? நாளையிலருந்து கேட்ல உக்காரு."

உட்கார்ந்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஒரு மேசை, ஒரு கத்தி, ஒரு வாளி, ஒரு சொம்புத் தண்ணீர். டிராக்டர் வந்து நிற்கும். மேலே மூன்று, நடுவில் மூன்று, அடியில் நான்கு என்று பத்துப் பழம் எடுப்பேன். வெட்டுவேன். நிறம் பார்ப்பேன். ஒரு துண்டு வாயில் போடுவேன். துப்புவேன். என்னிடம் இருந்தது மூன்று சொல். இறக்கு. நில்லு. திருப்பு.

டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"இந்தக்கா ஒரு வார்த்தைக்கு மேல பேசினா யாரோ வாடகை கேக்கறாங்க போலகீது."

நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் கெஞ்சுவார்கள். கெஞ்சினால் வரிசை நகராது. வெயிலில் இருபது டிராக்டர் நிற்கும். அதனால் எனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். சொன்னால் சொன்னதுதான். திருப்பு என்றால் திருப்பு. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதை மாற்றியது கிடையாது. மேனேஜருக்கு அதுதான் பிடிக்கும்.

அவர் வைத்த சட்டமும் உண்டு. வேலை நேரத்தில் டீ கூடாது, காரம் கூடாது, பீப்பர்மெண்ட் கூடாது. விவசாயிகளிடம் ஒரு மாம்பழம்கூடக் கையில் வாங்கக் கூடாது. எல்லாம் நியாயம்தான். ஆனால் விவசாயிகள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வரப்பில் விளைந்தது எதையாவது கொண்டுவருவார்கள். ஒரு கட்டு முருங்கைக்காய், நாலு எலுமிச்சை, ஒரு சுரைக்காய். அது மாம்பழம் இல்லை. அதனால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மேனேஜர் வீட்டிலும் அந்த முருங்கைக்காய்தான் வேகும்.

ஜூலையில் ஒரு நாள். மழை வருவது போல மூட்டம் போட்டுவிட்டு வராமல் போன நாள். புழுக்கம். பங்காருபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா டிராக்டரில் வந்தாள். டிரைவர் பக்கத்தில், சக்கரத்தை மூடும் மட்காடு மேல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தலையில் துண்டு. இரண்டு சீசனாகத் தெரியும். தெலுங்கு ஊர்ப் பெண்கள் பழகிவிட்டால் வதினா என்பார்கள். அண்ணி என்று அர்த்தம். எனக்கு அண்ணன் இருந்தாலும் அவருக்கு வேறு பெண்டாட்டி. இருந்தாலும் நான் அவளுக்கு வதினா, அவள் எனக்கு வதினா.

அவளுக்கு முன்னால் மூன்று வண்டி இருந்தது. மூன்றையும் பார்த்து இறக்கச் சொன்னேன். அடுத்த வண்டி அவளுடையது. ஆனால் உள்ளே இறக்குகிற இடத்தில் பழம் கொட்டும் பிளாஸ்டிக் கிரேட் தீர்ந்து போய்விட்டது. கிரேட் வரும்வரை நிற்க வேண்டும். அவள் கீழே இறங்கி வந்தாள். கையில் தேக்கு இலைப் பொட்டலம்.

"நேரேடு பண்டு, வதினா. நாவப்பழம். எங்க கெணத்து மேட்டு மரம். துன்னு."

பிரித்தேன். குண்டு குண்டாக, மேலே சாம்பல் பூத்த மாதிரி. கறுப்பு. நன்றாகக் கழுவியிருந்தாள். ஈரம் இருந்தது.

மாம்பழம் இல்லை. டீ இல்லை. காரம் இல்லை. ஒன்றை வாயில் போட்டேன். அப்புறம் கை நிற்கவில்லை. மாம்பழத்தையே பார்த்துப் பார்த்து இருந்த நாக்குக்கு அது விருந்து. அவளும் மேசை ஓரமாக நின்று தின்றாள். கொட்டையை வாளியில் துப்பினோம்.

அவள் பேசினாள். நான் கேட்டேன்.

"இந்த வருஷம் காயா விக்கல வதினா. மண்டிக்காரன் வந்து கேட்டான். குடுக்கல. நானே வைக்கோல் போட்டு பழுக்க வெச்சேன். ரூமு நெறைய. ராத்திரி பூரா வீடு மணக்குது."

"ம்."

"வீட்டுக்காரரு படுத்துகினே சிரிக்கிறாரு. இடுப்பு போனாலும் அவருக்கு வாயி போகல. 'உனுக்கின்னா தெரியும், அழுவ வெச்சி எருக்குழில கொட்டப் போற'ன்னாரு. ஊரே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சி. அழுவல பாரு. ஒண்ணு ரெண்டு போச்சி, அவ்ளோதான்."

கம்பெனி பழுத்த பழத்தைக் காய் விலைக்கு மேல் கொடுத்து வாங்கும். ஆனால் பழுத்தது காத்திருக்காது. இன்று இறங்கினால் பழம். இறங்காவிட்டால் மண்டிக்குப் போய், அவன் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டும். நாளைக்கு என்றால் மாட்டுக்குத்தான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இது இன்னிக்கி எறங்கிச்சின்னா," என்றாள், "அடுத்த வருஷம் அவரு வாயத் தொறக்கமாட்டாரு."

கிரேட் வண்டி வந்தது. அவள் டிராக்டரை மேசைக்கு நேராக விட்டார்கள். நான் சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். இரண்டு தடவை. பத்துப் பழம் எடுத்தேன். தோத்தாபுரி. கிளிமூக்கு என்பார்களே, அது. நிறம் நல்ல நிறம். வெட்டினால் கத்தியில் ஒட்டியது. வாசனை கேட்டுக்கு வெளியே நின்றவனுக்கும் போயிருக்கும்.

ஒரு துண்டு வாயில் போட்டேன்.

முதலில் இனிப்பு. பின்னால் நாக்கில் சொரசொரப்பு. கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்தது. துப்பினேன். அடுத்த பழம். அதே சொரசொரப்பு. மூன்றாவது. நான்காவது. பத்தும் அப்படித்தான். உள்ளே பழுக்காத காயை வைக்கோல் சூட்டில் நிறம் மட்டும் ஏற்றினால் இப்படி இருக்கும். இதற்கு முன் பார்த்திருக்கிறேன்.

வதினாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சட்டம் கெட்டுவிடும்.

"திருப்பு."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் விளையாடுகிறவள் இல்லை என்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"இன்னா வதினா?"

"துவர்க்குது."

"எது துவர்க்குது?"

"பத்தும்."

அவள் மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். அவள் வாயிலும் அதே நாவல் பழம்தான். அது அப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மென்றாள். மெல்லுகிற வேகம் குறைந்தது. முகம் மாறியது. "லேசா இருக்குதோ?" என்றாள். தன் பழத்தைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் கத்தியைத் துடைத்தேன்.

பின்னால் நின்ற டிரைவர் குரல் கொடுத்தான்.

"நாவப்பழம் துன்னும்போது நல்லாத்தான் துன்னுச்சி அந்தக்கா. மாம்பழம்னா மட்டும் கசக்குதா?"

"நீ உன் வண்டியப் பாரு," என்றேன்.

மேனேஜர் வந்தார். லேப்பிலிருந்து சர்க்கரை பார்க்கிற மீட்டர் அளவைக் கையில் எழுதி வைத்திருந்தார். அளவு நன்றாக இருந்தது.

"மீட்டர் பாஸ்னு சொல்துந்தி. நீ காது, இல்லன்னு சொல்றே. எது நிஜம்?"

"மீட்டருக்கு இனிப்புதான் தெரியும் சார்."

அவர் தலையை ஆட்டினார். பாக்குக்காரர் காலத்தில் திரும்பி வந்த லோடையும் மீட்டர் பாஸ் என்றுதான் சொல்லியிருந்தது. "சரி, திருப்பு," என்றார். உள்ளே போய்விட்டார்.

டிராக்டரை ஓரமாக வேப்பமரத்தடியில் விட்டார்கள். அவள் மட்காடு மேல் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் மண்டிக்காரனுக்கு போன் போட்டான். எடுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டான்.

அடுத்த வண்டியைக் கூப்பிட்டேன். அப்போது லேப் பெண் வந்தாள்.

சின்னப் பெண். திருப்பதியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். ஏதோ கெமிஸ்ட்ரி படித்தவள். வெள்ளைக் கோட்டு போடுவாள், அதில் எப்போதும் மாம்பழக் கறை இருக்கும். எனக்கு அவள் பாப்பா. அவளுக்கு நான் அக்கா. மீட்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு, நான் வெட்டி வைத்த துண்டுகளை எடுத்துப்போக வந்தாள். எடுத்தவள் நின்றாள்.

"அக்கா, வாயத் தொறங்க."

"இன்னாத்துக்கு?"

"தொறங்கக்கா. நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். அவள் போனை எடுத்து, முகம் பார்க்கிற மாதிரி கேமராவைத் திருப்பிக் காட்டினாள். நாக்கு ஊதாவாக இருந்தது. நாக்கு மட்டும் இல்லை, உதடும், பல் இடுக்கும். மசி பாட்டிலைக் குடித்த மாதிரி.

அவள் சிரித்தாள். பின்னால் இருந்த டிரைவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் என்ன சிரிப்பு என்று புரியவில்லை.

"பழம்தானே துன்னேன். டீ குடிக்கல."

"லேப்புக்கு வாங்க. அஞ்சு நிமிஷம்."

அடுத்த வண்டிக்காரனை "நில்லு" என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். போனேன்.

லேப் சின்ன அறை. ஃபேன் மட்டும் பெரியது. பாப்பா ஒரு கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்தாள்.

"இதுல துப்புங்க."

"ஏய்."

"துப்புங்கக்கா. யாரும் பாக்கல."

வெட்கமாகத்தான் இருந்தது. வாயில் எச்சில் ஊறுவதே கஷ்டமாக இருந்தது. அதற்குக் காரணம் புழுக்கம் என்று நினைத்தேன். அவள் தன் எச்சிலை இன்னொரு குழாயில் துப்பினாள். அது தெளிவாக, வழவழவென்று, குழாயைச் சாய்த்தால் நூல் மாதிரி இழுத்தது. என்னுடையது ஊதாவாக, திப்பி திப்பியாக இருந்தது.

"நீங்க துன்ன பழம் மிச்சம் இருக்குதா?"

இலைப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன். ஏழெட்டு இருந்தது. அவள் இரண்டை நசுக்கி, துணியில் வடிகட்டி, சாற்றைத் தன் எச்சில் இருந்த குழாயில் சொட்டு சொட்டாக விட்டாள். ஆட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

தெளிவாக இருந்தது கலங்கியது. சின்னச் சின்னத் துகள்கள். கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நூல் நூலாகக் கீழே இறங்கின. பால் திரிகிற மாதிரி.

"எச்சில்ல ஒரு புரோட்டீன் இருக்குதுக்கா. அதனாலதான் வாயி வழவழன்னு இருக்குது. நாக்கு பல்லுல ஒரசாம ஓடுது. நாவப்பழத்துல டானின் இருக்குது. அது அந்தப் புரோட்டீனப் புடிச்சிக்கும். புடிச்சி, கட்டிப் போட்டு, கீழ தள்ளிடும். வழவழப்பு போயிடும். அப்ப நாக்கு பல்லு மேல ஒரசும். அந்த ஒரசலத்தான் நம்ம துவர்ப்புன்னு சொல்றோம்."

"துவர்ப்பு ருசி இல்லியா?"

"பாதி ருசி. பாதி ஒரசல்."

எனக்கு நைனா ஞாபகம் வந்தார். நைனா என்றால் அப்பா; ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் இருந்தவர். பட்டை ஊறவைத்த தண்ணீர்த் தொட்டியில் பச்சைத் தோலை முக்குவார்கள். நாள் கழித்து எடுத்தால் அது அழுகாது, கெட்டியாகி, செருப்புக்கு ஆகும். தொட்டியில் கை விட்டு விட்டு அவர் உள்ளங்கையும் அப்படியே ஆகிவிட்டது. சோறு பிசையும்போது சூடு தெரியாது. அதைப் பாப்பாவிடம் சொன்னேன். நான் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அவள் மேசையைத் தட்டினாள்.

"அதேதான்க்கா! அதே வேலதான். பட்டையில இருக்கிறதும் டானின். தோலும் புரோட்டீன். உங்க நைனா தோலுக்கு பண்ணத நீங்க நாக்குக்குப் பண்ணிட்டீங்க."

"என் நாக்கு செருப்பா?"

"அரை மணி நேரத்துக்கு."

பிறகு அவள் சிரிப்பதை நிறுத்தினாள். "அக்கா, அந்தம்மா லோடு..." என்றாள்.

ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. அந்த அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"சொன்னா சொன்னதுதான்," என்றேன். சொல்லும்போதே எனக்கு அது பிடிக்கவில்லை.

"சொல்ல வேணாம். மொதல்ல நீங்க பாருங்க. தப்பு இல்லன்னா அப்படியே விட்டுடலாம்."

"தண்ணி ஊத்தி கொப்பளிச்சேனே?"

"தண்ணிக்கு அது போகாது. அதுக்குப் புடிச்சிக்க வேற புரோட்டீன் குடுக்கணும்." கேன்டீனில் போய் அரை டம்ளர் பால் வாங்கி வந்தாள். "வாயில வெச்சி நல்லா ஆட்டுங்க. பால்ல இருக்கிற புரோட்டீனு மிச்ச டானினப் புடிச்சிகினு போயிடும். உங்க எச்சிலுக்கு வேல இல்ல."

பாலை வாயில் வைத்துச் சுழற்றினேன். ஸிங்கில் துப்பினேன். சாம்பல் நிறத்தில் போனது. மறுபடி. மூன்றாவது வாயைக் குடித்துவிட்டேன், வீணாக்கக் கூடாது என்று. அப்புறம் உட்கார்ந்தோம். அவள் போனில் மணி பார்த்தாள். கேட்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் எழவில்லை. மெல்ல மெல்ல நாக்கு பல்லில் வழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு வரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

அவள் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாள். நான்கு கப் வைத்தாள். எது எது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்று, இனிப்பு. இரண்டு, இனிப்பு. மூன்று, இழுத்துப் பிடித்தது. நான்கு, இனிப்பு.

மூன்றாவது கப்பைத் தள்ளி வைத்தேன்.

"மூணாவது நான் காயத் தோலோட அரைச்சது," என்றாள் பாப்பா. "மத்த மூணும் அந்தம்மாவுது."

மூன்றும் நல்ல பழம். அந்த சீசனில் நான் வாயில் வைத்ததிலேயே நல்ல பழம் என்று சொல்லலாம். வைக்கோல் வாசனை லேசாக இருந்தது.

ஜன்னலைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் டிராக்டர் இல்லை.

எனக்கு ஓடிப் பழக்கமில்லை. அன்று ஓடினேன். சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லேப் படியில் இறங்கி, எடை மேடையைத் தாண்டி. டிராக்டர் கேட்டுக்கு வெளியே போய் ரோட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே வருகிற லாரி ஒன்று குறுக்கே நின்றதால் தப்பித்தேன்.

"நில்லு!"

என் மூன்று சொல்லில் அது ஒன்று. டிரைவர் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டான்.

வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வதினா மேலேயிருந்து பார்த்தாள். மூச்சு வாங்கியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம் இல்லை.

"தப்பு என்னுது," என்றேன். "உன் பழம் நல்ல பழம். நாவப்பழம் துன்ன வாயில பாத்துட்டேன். நாக்கு செத்துப் போயிருந்துச்சி. உள்ள திருப்பு வண்டிய."

அவள் என் நாக்கைப் பார்த்தாள். பிறகு தன் நாக்கை நீட்டி, மூக்கு வழியாகக் கீழே பார்க்க முயற்சி செய்தாள்.

"நான் குடுத்த பழமா?"

"ஆமா."

"நானே குடுத்து நானே கெடுத்துகினேனா?"

"கெடுத்தது நானு. துன்னது நாந்தானே."

வரிசையில் இருந்து ஒருவன் இறங்கி வந்தான். நேற்று அவன் லோடைத் திருப்பியிருந்தேன்.

"அப்போ என் லோடு? நேத்து திருப்புனியே? அதுவும் நாக்கு செத்துப் போச்சா?"

இதற்குத்தான் இரண்டு வருஷமாகப் பயந்தேன். ஒரு தடவை மாற்றினால் எல்லோரும் வருவார்கள் என்று. வந்துவிட்டான்.

"நேத்து நான் எதுவும் துன்னல. உன் பழம் பிஞ்சு. கொட்டை பால் மாதிரி இருந்துச்சி."

"அது எப்படி நம்பறது?"

"நாளைக்கி கொண்டா. பால் குடிச்சிட்டு பாக்கறேன்."

"பால் வேற குடிக்கணுமா உனுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அவன் லோடு பிஞ்சுதான், அவனுக்கே தெரியும். பேச்சு அதோடு முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் முன்பே ஒன்றிரண்டு தடவை மாற்றியிருப்பேன்.

மேனேஜர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கோபமா இல்லையா என்று தெரியாத முகம்.

"ஏமம்மா. மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார்."

"ரெண்டு வருஷத்துல மொதல் வாட்டி."

"ஆமா சார்."

"கேட்ல இவ்ளோ ஜனம் முன்னால."

குடோன் பக்கம் பார்த்தேன். அங்கே பாக்குக்காரர் வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடம் இருக்கிறது வா என்பது போல இருந்தது அவர் முகம்.

பாப்பா அதற்குள் கண்ணாடிக் குழாயையும் கையோடு எடுத்து ஓடி வந்திருந்தாள். மேனேஜரிடம் தெலுங்கில் வேகமாகச் சொன்னாள். குழாயை வெளிச்சத்தில் காட்டினாள். அதில் அவள் எச்சிலும் நாவல் பழச் சாறும் திரிந்து கிடந்தது. மேனேஜர் அதை வாங்கி நெருங்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"ஏமிட்டி இதி?"

"எச்சில் சார்."

கையை உதறினார். குழாயை நான் பிடிக்காவிட்டால் கீழே விழுந்திருக்கும். அதற்கப்புறம் அவரால் கோபமாக இருக்க முடியவில்லை.

"மறுபடி பாரு," என்றார். "என் எதுக்க பாரு. எல்லார் எதுக்கயும்."

டிராக்டர் உள்ளே வந்தது. புதிதாகப் பத்துப் பழம். மேலே மூன்று, நடுவில் மூன்று, அடியில் நான்கு. வெட்டினேன். வாயில் வைத்தேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி மேசையைச் சுற்றி நின்றார்கள். அவ்வளவு பேர் என் வாயையே பார்த்து நான் எதையும் தின்றது கிடையாது. என் கல்யாணத்தில்கூட இல்லை.

பத்தும் முடிந்தது. கத்தியைத் துடைத்து வைத்தேன்.

"இறக்கு."

வதினா மட்காடிலிருந்து குதித்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நேராக டிரைவரிடம் போய் அவன் போனை வாங்கி, வீட்டுக்குப் போட்டாள். தெலுங்கில் கத்தினாள். இறங்குகிறது, இறங்குகிறது என்றுதான் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னாவோ எனுக்கு அப்பவே தெரியும்ன்றாரு," என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் என் மேசையில் இன்னொரு பொருள் சேர்ந்தது. ஒரு டம்ளர் பால். மேனேஜர் உத்தரவு. டிரைவர்கள் விடுவார்களா. வண்டி நிற்கும்போதே கத்துவார்கள்.

"அக்கா, பால் குடிச்சிட்டியா?"

"குடிச்சாச்சி."

"பால் குடிச்ச கொழந்தைக்கு தூக்கம் வருதா?"

"திருப்பு."

"ஐயோ அக்கா, சும்மா சொன்னேன்!"

சீசன் முடிந்ததும் நான் திருப்பதிக்குப் போய்விடுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை. வாழைப்பூவும் வாழைக்காயும் நிறைய வரும். முன்பெல்லாம் விரல் கறுப்பது மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் வாழைப்பூவை ஒரு இதழ் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன். நாக்கு இழுத்தது. மோரில் போட்டு வைத்ததை எடுத்துக் கடித்தேன். அவ்வளவு இழுக்கவில்லை. மாஸ்டரிடம் கேட்டேன். கறுக்காமல் இருக்க மோரில் போடுகிறோம் என்றார். அது மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தாள். அவளுக்குப் பால் இல்லாத டீ, எனக்குப் பால் டீ. அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இழுக்குதா?" என்றேன்.

"இழுக்குது."

"என்னுது இழுக்கல. பால் புடிச்சிக்கிச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். "லேப்புக்கு வந்துடுங்கக்கா," என்றாள். நான் படித்தது ஐந்தாவது வரை என்றேன். அவள் சிரித்தாள். "வயித்துக்குள்ளயும் இது நடக்குதுக்கா. அங்கயும் சோத்துல இருக்கிற புரோட்டீன இது புடிச்சிக்கும். சாப்பிட்ட ஒடனே கட்டி டீ குடிக்காதீங்க, கொஞ்ச நேரம் உடுங்க." அதிலிருந்து விட்டுத்தான் குடிக்கிறேன். எல்லா நாளும் இல்லை.

அடுத்த ஜூலையில் பங்காருபாளையத்து வதினா வந்தாள். இந்தத் தடவை இரண்டு டிராக்டர். பின்னால் வந்ததில் அவள் வீட்டுக்காரர், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு. அவர்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், வைக்கோலை எத்தனை அடுக்கு போட வேண்டும், எப்படிப் பழுக்க வைக்க வேண்டும் என்று. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக என் மேசைக்கு வந்தாள். கையில் தேக்கு இலைப் பொட்டலம்.

நான் கையை நீட்டவில்லை. அவளும் கொடுக்கவில்லை. பொட்டலத்தைத் தன் மடியில் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"மொதல்ல பாரு," என்றாள்.

பார்த்தேன். இருபது பழம்.

"இறக்கு," என்றேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள்.